குழலுக்குள் சில வரிகள்

பழம்பொருட்களின் மீது எங்களுக்குள்ள மோகம் பித்தளைச் செம்பில் தொடங்கி, சுவர்க்கடிகாரம், மைக்கூடு என்று அலைந்து, எப்படியோ அமெரிக்கக் கைத்துப்பாக்கிகளில் வந்து நின்றிருக்கிறது. ஒன்றையும் தொட்டதில்லை. படங்களும் சட்ட வாசகங்களுமே எங்கள் சேகரம்.

அவற்றுள் எங்களை மிகவும் ஈர்த்தது ‘ஹேண்டி-கன்’. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனம் 1920களில் செய்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. இதாகா நிறுவனத்தின் ‘ஆட்டோ அண்ட் பர்க்ளர்’ அதற்கு அண்ணன்; இரட்டைக்குழல், 1922 முதல் சுமார் 4,500 மட்டுமே செய்யப்பட்டது. காரிலும் வீட்டிலும் திருடனுக்கு அஞ்சியவர்களுக்கானது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இவற்றின் குழல் உட்புறம் வழவழப்பானது. சுடுவது ஒற்றைக் குண்டை அல்ல, சிறு ரவைகள் நிரம்பிய ஷாட்கன் தோட்டாவை.

1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. அதன் முதல் வரைவு எல்லாக் கைத்துப்பாக்கிகளையும் கட்டுப்படுத்த எண்ணியது. நீண்ட துப்பாக்கியை அறுத்துக் குறுக்கி எவரும் தப்பிவிடாதிருக்கக் குறுங்குழல்களையும் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்புக்குப் பணிந்து சாதாரணக் கைத்துப்பாக்கிகளை விலக்கினார்கள். வேலி போட்ட தோட்டம் போயிற்று, வேலி மட்டும் நின்றது! கைமாற்றத்துக்கு 200 டாலர் வரி. துப்பாக்கியின் விலையைப்போல் பல மடங்கு. இரண்டின் உற்பத்தியும் அதோடு முடிந்தது.

வேடிக்கை என்னவெனில், அதே ஹேண்டி-கன் குழலுக்குள் சுழல்வரிகள் வெட்டப்பட்டும் விற்றது. கைப்பிடியும் விசையும் ஒன்றே. வரியுள்ளது சாதாரணக் கைத்துப்பாக்கி. வரியற்றது ‘வேறெந்த ஆயுதமும்’ என்ற விசித்திர வகுப்புக்குள் அடங்குகிறது. தொலைவில் குறி தவறாதது சுதந்திரமாகத் திரிய, சில கெஜத்துக்கப்பால் ரவையைச் சிதறடிப்பது பதிவேட்டில் சிறைப்பட்டிருக்கிறது.

பதிவேடு வேண்டாமென்பது எங்கள் கட்சியன்று. குறுக்கிய ஷாட்கன் கோட்டுக்குள் மறையும். நெருக்கத்தில் அது செய்யும் கொடுமையும் அறிந்ததே. எங்களை உறுத்துவது வேறு. 1968இல் ஒரே ஒரு மாதம், நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை, பதியாமல் வைத்திருந்தோருக்குப் பொதுமன்னிப்பு அளித்துக் கதவைத் திறந்தார்கள். பின்னர் அது திறக்கவே இல்லை. பதிவுள்ள துப்பாக்கி வாரிசுக்கு வரியின்றியே போய்ச்சேரும். பதிவில்லாததைத் தாத்தாவின் பெட்டியில் கண்டெடுக்கும் பேத்திக்கோ, அதைத் தன் பெயரில் பதியும் வழியே கிடையாது. அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும். பெரும்பாலும் அது உருக்குலைக்கப்படும். தெரிந்தே ஒளித்துவைத்தால் பத்தாண்டு வரை சிறை.

எஞ்சியவற்றுள் சிலவற்றை, சேகரிப்போருக்கான பழம்பொருள் என்று கண்டு, அரசே இச்சட்டத்திலிருந்து விடுவித்திருக்கிறது. 1960இல் இவ்வகுப்பின் கைமாற்ற வரி 5 டாலராகக் குறைந்தது. 2025இல் இயற்றிய சட்டப்படி 2026 ஜனவரி முதல் அதுவும் பூஜ்யம். பதிவு மட்டும் அப்படியே தொடர்கிறது. பெட்டிக்குள் கிடக்கும் பதிவில்லாத ஹேண்டி-கன்னுக்கு அந்தப் பூஜ்யத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.