துணியில் ஒரு விண்மீன்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு சிறு முள் தைக்கும். அந்த முள்ளின் கதையை இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றி வந்தேன். அங்கே ஆண்டுதோறும் விழாவிற்குக் கட்டும் வண்ணக் காகிதத் தோரணங்கள் விழா முடிந்ததும் கிழிந்து குப்பையில் சேரும். இம்முறை நிலைத்து நிற்கும் பொருளாக வாங்கலாம் என்று பங்குப் பேரவை தீர்மானித்தது. நகரத்துக் கடையொன்றில் துணியால் தைத்த விண்மீன்களைக் கண்டேன். சிவப்புப் பருத்தித் துணி, விளிம்பில் பொன்னிறச் சரிகை, உள்ளே பஞ்சு, அடியில் ஒரு குஞ்சம். ஒன்றின் விலை 350 ரூபாய். தேவைப்பட்டவை 24, கையிலிருந்த பணமோ 12-க்குத்தான் போதுமானதாயிருந்தது. அவற்றை வாங்கித் திரும்பினேன்.

அன்று மாலை, தையல் வேலை செய்து இரு பிள்ளைகளைக் காத்துவந்த கைம்பெண் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். "ஒன்றை மட்டும் ஓர் இரவுக்குக் கொடுங்கள், சாமி. மீதியை நாங்கள் பார்த்துத் தைத்துத் தருகிறோம்" என்றார். "பிரித்துப் பாழாக்கிவிடாதீர்கள், அம்மா" என்று சொல்லி, அரை மனத்தோடு கொடுத்தேன்.

அவர் ஒரு நூலைக்கூடப் பிரிக்கவில்லை. செய்தித்தாளின் மேல் அதை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடிட்டு, தையலுக்கெனக் கால் அங்குலம் கூட்டி வெட்டி, அச்சு எடுத்துக்கொண்டாராம். மறுநாள் திருப்பலிக்கு வந்தபோதே விண்மீன் என் கைக்குத் திரும்பிவிட்டது.

பத்து நாட்களில் அவரும் இன்னும் நான்கு தாய்மார்களும் 12 விண்மீன்களோடு வந்து நின்றனர். அளவும் வடிவமும் அச்சு மாறாமல் அமைந்திருந்தன. ஆனால் துணிகளோ தையற்கடையில் எஞ்சிய துண்டுகள்! ஒன்று பள்ளிச் சீருடையின் நீலம். ஒன்று இரவிக்கைத் துணியின் பச்சை. சரிகைக்குப் பதிலாகப் பழம்புடைவைக் கரை. ஒன்றைப் போல் ஒன்றில்லை. "நன்று" என்று வாயால் சொன்னேன். ஆயினும் கடையில் வாங்கியவற்றைப் பீடமுற்றத்தைச் சுற்றியும், அவர்கள் தைத்தவற்றைப் பின்சுவரில் வாயிலருகேயும் கட்டச் செய்தேன். அவ்வம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. தலை குனிந்து, "சரிங்க சாமி" என்று மட்டும் சொல்லிப் போனார்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு மக்கள் திரண்டனர். பீடமுற்றத்து விண்மீன்களை ஏறிட்டுப் பார்த்து எல்லாரும் தத்தம் இடத்தில் அமர்ந்தனர். பின்சுவரருகிலோ கூட்டம் கலையவே இல்லை. "இது என் பாவாடைத் துணி!" என்று ஒரு சிறுமி பாட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வயது முதிர்ந்த தாய் ஒருத்தி ஒரு விண்மீனை உள்ளங்கையில் ஏந்தி நின்றாள். வடநாட்டில் வாழும் தன் மகளின் திருமண இரவிக்கையில் எஞ்சிய துண்டு அது. மகள் அவ்வாண்டு விழாவிற்கு வரவில்லை. முன்வரிசையில் இடமிருந்தும் அத்தாய் திருப்பலி முடியும்வரை அச்சுவரருகிலேயே நின்றாள்.

அந்நேரத்தில்தான் லூக்கா நற்செய்தியை வாசித்தேன். இடையர்களுக்கு வானதூதர் தந்த அடையாளம் என்ன? துணியில் சுற்றிய குழந்தை, ஒரு தீவனத் தொட்டி. பல்லாண்டுகளாக வாசித்த பகுதிதான். எனினும், மீட்பரைக் கண்டறிய விண்ணகம் காட்டிய குறி ஒரு தாய் தன் கையால் சுற்றிய துணி என்பது அன்றுதான் என் நெஞ்சில் உறைத்தது. நானோ தாய்மார்கள் தைத்த துணியைப் பின்சுவருக்கு அனுப்பியிருந்தேன்.

மறுநாள் அவ்வம்மையாரின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்களே ஒன்று தைத்துப் பாருங்கள், சாமி" என்று ஊசியை என் கையில் தந்தார். இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்து வைத்து, இரண்டு அங்குலம் வாய் விட்டுச் சுற்றித் தைக்க வேண்டும். பிறகு அவ்வாய் வழியே வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். நான் திருப்பியபோது விண்மீன் சுருங்கிக் கோணிக்கொண்டது. "உள்மூலைகளில் தையல்வரை சிறு வெட்டு விட வேண்டும், சாமி. வெட்டு விழாவிட்டால் துணி இணங்காது" என்றார். அருளுரைக்கு வேறு தலைப்பு வேண்டுமோ!

பஞ்சடைத்த பின் அவ்வாயைக் கைத்தையலால்தான் மூட முடிந்தது. இயந்திரம் அதற்கு உதவவில்லை. உடனே கடை விண்மீன் ஒன்றை வரவழைத்துத் திருப்பிப் பார்த்தேன். அங்கும் அதே இரண்டு அங்குலக் கைத்தையல்! எங்கோ ஓர் ஊரில் முகமறியாத ஒரு பெண் குனிந்திருந்து அதனை மூடியிருக்கிறாள். ஆகவே கடைப்பொருளை இகழ்வதும் தவறே. அதன் பின்னாலும் ஒருவரின் உழைப்பு இருக்கிறது. அவளுக்காகவும் அன்று செபித்தேன்.

பார்த்துச் செய்வதில் இழிவில்லை, அன்பர்களே. 1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், இத்தாலி நாட்டுக் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேமைக் கண்முன் நிறுத்தினார். நம் குடில்கள் அதனைப் பார்த்து எழுந்தவையே. அதே கிரேச்சோவில் 2019 டிசம்பர் 1-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கையொப்பமிட்ட திருமடலும், குடும்பங்கள் குடிலை ஆயத்தம் செய்யும் வழக்கத்தைப் போற்றி ஊக்குவிக்கிறது.

எனவே இத்திருவருகைக் காலத்தில் ஒரு மாலையேனும் வீட்டிலுள்ள துண்டுத்துணிகளை எடுத்து வைத்து, பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு விண்மீனாவது தைத்துப் பாருங்கள். கோணலாக வந்தாலும் கவலை வேண்டாம். நான் தைத்ததும் கோணல்தான். அது இன்றும் என் மேசையருகே தொங்குகிறது. மறு ஆண்டு, அத்தாய்மார்கள் தைத்த 12 விண்மீன்களும் பீடமுற்றத்தில், பாலன் இயேசுவின் குடிலுக்கு மேலே தொங்கின.