வருகைப் பதிவேடு

நாங்கள் கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்களாக இருந்தவர்கள். 2004 ஜூன் முதல் 2018 மே வரை, பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், ஒரே தனியார் பள்ளியில் 14 ஆண்டுகள் பணிபுரிந்தோம். எங்களில் ஒருவர் கணிதம் கற்பித்தார். மற்றவர் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல். இன்று இருவரும் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கு மனிதவள ஆலோசகர்களாக இருக்கிறோம். "எப்படி மாறினீர்கள்? நாங்களும் மாறலாமா?" என்று ஆசிரியச் சகோதர சகோதரிகள் அடிக்கடி கேட்கிறார்கள். வாய்ப்பேச்சில் நாங்கள் சொல்லும் பதிலில் ஒரு பகுதியை எப்போதும் விட்டுவிடுவோம். அதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

மாறியதற்குக் காரணம் பணம்தான். அதை அழகுபடுத்த விரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். ஆண்டுதோறும் மே மாதம் சம்பளம் கிடையாது. அம்மாவின் மருத்துவச் செலவு கூடிக்கொண்டே போனது. வணிகவியல் கற்பித்தவர் தொலைநிலைக் கல்வியில் மனிதவள மேலாண்மை படித்து முடித்திருந்தார். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் காலணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் ஆடிட்டர்களை அனுப்பிய வண்ணம் இருந்தன. வருகைப் பதிவேடு சரியாக உள்ளதா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டப்படுகிறதா? 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் உண்டா? பெண்கள் புகார் அளிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு அமைத்தாயிற்றா? சிறு தொழிற்சாலைகளில் இவற்றைத் தெரிந்தவர் எவருமில்லை. தெரிந்தவருக்கு வேலை இருந்தது.

"பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தவங்க, முதலாளிக்குக் கணக்கு எழுதப் போறீங்களாக்கும்" என்றார் அம்மா. அன்று சிரித்துவிட்டு நகர்ந்தோம்.

முதல் ஆண்டு, நாங்கள் பயந்ததைவிட எளிதாகவே கழிந்தது. 200 பெண்கள் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருக்கும் கூடத்துக்குள் நுழைந்தபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது வகுப்பறைதான். அங்கே சூப்பர்வைசர்கள் எவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை; "ஏய், மூணாவது லைனு" என்பார்கள். நாங்கள் நடத்திய முதல் பயிற்சியே பெயர்களைக் கற்பதுதான். காலையில் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயராகப் படித்து, முகத்தைப் பார்க்கச் செய்தோம். முதல் வாரம் கேலி செய்தார்கள். பின்னர் யார் எந்தக் கிழமைகளில் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். மகப்பேறு விடுப்பு முதலிரு பிரசவங்களுக்கு 2017 முதல் 26 வாரமாக உயர்ந்துவிட்டதை அப்பெண்களில் பலர் முதன்முதலில் கேட்டது எங்கள் வாயால்தான். கரும்பலகை இல்லாத குறை தவிர, ஆசிரியராகவே நீடிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டோம்.

2019 ஆகஸ்டில் ஒரு தொழிற்சாலை உரிமையாளர் ஒரு பட்டியல் கேட்டார். பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளைக் கடந்தவர்கள், ஆனால் இன்னும் ஐந்தை எட்டாதவர்கள். பதிவேடுகள் எங்கள் கணினியில் இருந்தன. அரை மணி நேர வேலை. 31 பெயர்கள் வந்தன. அனுப்பிவைத்தோம்.

எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த ஒரு வரியை எழுதத்தான் எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. பணிக்கொடை என்னும் கிராஜுவிட்டி, ஐந்தாண்டுத் தொடர்ச்சியான பணிக்கு உரியது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணிபுரிந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இதையெல்லாம் அறிந்தவர்கள் நாங்கள். அத்தகைய பட்டியலை ஒருவர் எதற்குக் கேட்பார் என்பது எங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரிந்துகொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிறன்று மஃரிபுக்குப் பின் எங்கள் பழைய மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். பத்தாம் வகுப்பில் எங்களிடம் படித்தவள். தந்தை மவுத்தான பின் படிப்பை நிறுத்திவிட்டு, 2015 தொடக்கத்தில் தையல் வேலைக்குப் போனவள். அந்த 31 பெயர்களில் அவள் பெயரும் ஒன்று. பட்டியலை அனுப்பும்போதே அதைப் பார்த்திருந்தோம்.

"டீச்சர், வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. ஒரு மாசம் வீட்டுல இருக்கணுமாம். அப்புறம் புது கார்டு போட்டுத் தருவாங்களாம். போடலாமா?"

உரிமையாளரின் கணக்குகள் எங்களிடம் அமானிதம். அவற்றை வெளியே சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அதே வேளையில், எதிரே அமர்ந்திருந்தவளும் ஒருவகையில் எங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தவள்தான். தேநீர் ஆறும் வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு கணித ஆசிரியை எழுந்து, பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தை எடுத்தார். பட்டியலைப் பற்றிச் சொல்லவில்லை. சட்டம் எவருடைய இரகசியமும் அன்று, அதைச் சொன்னார்.

கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளத்தில் அடிப்படையையும் பஞ்சப்படியையும் கூட்டு. உனக்கு 9,100 ரூபாய். 26ஆல் வகு, 350. அதை 15ஆல் பெருக்கு, 5,250. இது ஓராண்டுக்கு உரியது. ஐந்தாண்டுக்கு 26,250.

"ஏன் டீச்சர் 26? மாசத்துக்கு 30 நாளு இல்ல?" என்று கேட்டாள். பத்தாம் வகுப்பில் ஒரு கேள்வியும் கேளாதவள். வார விடுமுறை நான்கு நாள் போக என்று விளக்கினோம். மடித்து எடுத்துச் சென்றாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "உங்களுக்கு ஸ்கூல்ல எவ்வளவு குடுத்தாங்க, சார்?" என்றாள்.

எங்களுக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை. நாங்கள் கேட்கவுமில்லை. பள்ளியின் தாளாளர் ஊர்ப் பெரியவர். ஜும்ஆவில் முன்வரிசையில் அமர்பவர். கேட்பது மரியாதைக் குறைவு என்றிருந்தோம். கூலியைத் தாமதியாமல் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை எத்தனையோ மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள், எங்கள் கூலியைப் பற்றி வாய் திறக்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்றும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் உரிமையாளரைச் சந்தித்தோம். நிர்வாகமே உண்டாக்கும் இடைவெளியால் பணித்தொடர்ச்சி அறுந்துவிடாது, வழக்கு வந்தால் நிற்காது என்று சட்டப் பிரிவைக் காட்டினோம். 31 பேருக்கும் சேர்த்து எட்டு இலட்சத்துச் சொச்சம். ஓர் ஏற்றுமதி ஆர்டர் திரும்பி வந்தால் ஆகும் இழப்போடு ஒப்பிட்டும் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "சார், நீங்க யாருக்கு வேலை பாக்குறீங்க?" என்று மட்டும் கேட்டார். அம்மா அன்று சொன்னதும் இதுதானே. அம்மாத இறுதியில் ஒப்பந்தம் முடிந்தது. அம்மாதத்துக் கட்டணத்தைத் திருப்பி அனுப்பினோம்; பெற்றுக்கொண்டார். எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் அவரிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு கொரோனாவும் வந்தது. அதை எப்படிக் கடந்தோம் என்பது வேறு கதை, அல்ஹம்துலில்லாஹ், கடந்தோம்.

எங்கள் மாணவி கையெழுத்திடவில்லை. அவளோடு சேர்ந்து மேலும் எட்டுப் பேர் இடவில்லை. அந்த வினாத்தாளைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். மற்ற 22 பேர் கையெழுத்திட்டார்கள். அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்தது எங்கள் விரல்கள். தவ்பா செய்திருக்கிறோம். ஆயினும் அந்த 22 பேரின் பணத்தை எந்தத் தவ்பா திருப்பித் தரும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வதுண்டு.

பள்ளிக்கு அவ்வாண்டே விண்ணப்பம் எழுதினோம். கடைசி மாதத்தில் எங்கள் ஒவ்வொருவரின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,600. அதே கணக்கின்படி, 14 ஆண்டுகளுக்கு ஆளுக்கு 1,26,000 ரூபாய். ஆசிரியர்கள் இச்சட்டத்தின் கீழ் வரமாட்டார்கள் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. நாங்கள் பணியில் சேர்ந்த அதே ஆண்டு! பின்னர் 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் பொருந்தும் என்றாக்கியது. "அதை எதிர்த்து வழக்கு இருக்கிறது, பார்ப்போம்" என்று பதில் வந்தது. வழக்கு இருந்தது உண்மைதான். 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் நகலை இணைத்து மீண்டும் எழுதினோம். 2023இல் இரு தவணைகளாகப் பணம் வந்தது. வட்டி குறித்து எவரும் பேசவில்லை. நாங்களும் அதைக் கேட்க விரும்பவில்லை.

தாளாளர் இப்போது ஸலாமுக்குப் பதில் சொல்கிறார், நின்று பேசுவதில்லை. அப்பள்ளியை விட்டு வந்த ஆசிரியைகள் மூவர் சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சம்பளச் சீட்டு ஒருவரிடமும் இல்லை. வங்கிப் பாஸ்புத்தகத்தை எடுத்து வாருங்கள், அதிலிருந்தே தொடங்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.