வகிடு

எனக்கு முடி கொட்ட ஆரம்பித்ததும் மிக்ஜாம் புயல் மழை கொட்டியதும் ஒரே சமயம். 2023 டிசம்பர் 4. தீபாவளி முடிந்த கையோடு முதல் கீமோ போட்டிருந்தார்கள். மார்பில் கட்டி. வார்டில் எல்லோரும் அதைச் சிவப்பு மருந்து என்றுதான் சொல்வார்கள். குழாயில் சிவப்பாக இறங்கும், சிறுநீரும் சிவந்து போகும். வேகமாகப் பெருகுகிற செல்களை அடிப்பதுதான் அந்த மருந்தின் வேலை. முடியின் வேர்க்கால்களும் அப்படிப் பெருகுகிறவை என்பதால் அவையும் சேர்ந்து அடிபடும். “ரெண்டு மூணு வாரத்துல போயிடும்மா, முன்னாடியே வெட்டிக்கோ” என்று நர்சம்மா சொல்லியிருந்தார்.

எங்கள் ஊர் காத்திவாக்கத்தில் அன்று கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தலை வாரினேன். சீப்போடு வந்தது. கையால் கோதினேன், கையோடு வந்தது. முடி கொட்டினால் வலிக்கும் என்று யாரும் சொன்னதில்லை. மண்டைத் தோல் முழுக்க வலி, தலையணையில் சாய முடியவில்லை. மழை விட்டதும் மகள் என் தையல் கத்தரிக்கோலாலேயே பின்னலை வெட்டினாள். இடுப்பு வரை தொங்கிய பின்னல். இரண்டு முனையையும் மெஷின் நூலால் இறுக்கிக் கட்டி, நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் கவர் ஒன்றில் போட்டு பீரோவில் வைத்தாள். மிச்சத்தை எங்கள் வீட்டுக்காரர் டிரிம்மரால் எடுத்தார். பிளேடு கூடாது, கீறல் பட்டால் கிருமி ஏறும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள்.

என் தங்கச்சி வாழ்க்கைப்பட்டது காட்டுக்குப்பத்தில். அங்கே மழைத் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்குள் இறங்கி முகத்துவாரம் வரை பரவிவிட்டது. 20 சதுர கிலோமீட்டர் என்று கடலோரக் காவல் படை சொன்னது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் கருப்புக் கோடு நின்றது. படகு கருப்பு, வலை கருப்பு, பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த கூழைக்கடா கருப்பு. தங்கச்சி வீட்டுக்காரரும் மற்ற ஆம்பிளைகளும் மக்கிலும் பக்கெட்டிலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கீமோ போட்ட உடம்பு என்று என்னை அந்தப் பக்கமே விடவில்லை. அவர் ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அந்த நெடிக்கே எனக்குக் குமட்டியது. மனுஷர் உள்ளே வராமல் வாசலிலிருந்தபடியே நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தங்கச்சி மகன் காலேஜில் படிக்கிறான். “பெரிம்மா, மனுஷ முடி எண்ணெயைப் பிடிச்சுக்குமாம். 2020ல மொரிஷியஸ்ல கப்பல் தட்டி எண்ணெய் கொட்டினப்போ ஜனங்க தலைமுடியை வெட்டிக் கொடுத்தாங்களாம். கரும்புச் சோகையும் முடியும் திணிச்சுத் தடுப்பு கட்டினாங்களாம்” என்றான். பீரோவில் இருக்கும் பின்னலைத்தான் கேட்கிறான் என்று புரிந்தது. ஆறு முழுக்கக் கிடக்கும் எண்ணெய்க்கு ஒரு பின்னல் என்ன செய்யும் என்று அவனுக்கும் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாத வயசு. மகள் தர முடியாது என்று சொல்லிவிட்டாள். அதை வைத்து என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

மொட்டைத் தலைக்கு எங்கள் அத்தை ஒரு வழி சொன்னார். “பெரியபாளையத்தாளுக்கு வேண்டுதல்னு சொல்லிடு. யார் என்ன கேட்கப் போறாங்க?” எங்கள் பக்கத்தில் மொட்டையடித்த பெண் புதிதில்லை. ஆடி மாதம் பெரியபாளையம் பவானி அம்மனுக்கு முடியிறக்கி, வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. திருப்பதி போய் வந்து, சந்தனம் காயாத தலையோடு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த மொட்டைக்கு ஊரில் மரியாதை இருக்கிறது. அத்தை நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அம்மன் பேரில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது மட்டுமில்லை, வேண்டுதல் மொட்டை ஒரு மாதத்தில் முள்முள்ளாக முளைத்துவிடும். எனக்கு மாதக்கணக்கில் முளைக்காது. பொய் தானாக வெளியே வந்துவிடும். தலையில் ஒரு காட்டன் துண்டைக் கட்டிக்கொண்டு என் தையல் கடையைத் திறந்தேன்.

பிறகு 26ஆம் தேதி வந்தது. சுனாமி நினைவு நாள். காலையில் கடலில் பால் ஊற்றிப் பூப்போட்டவர்கள் இரவு படுத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெரியகுப்பத்துக் கடலில் அமோனியா கசிந்தது. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாய் அது. எங்கள் தெருவில் முதலில் நாய்கள் கத்தின, பிறகு ஜனங்கள் கத்தினார்கள். கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. அமோனியா தண்ணீரில் கரையும், ஈரத்துணி வைத்தால் கொஞ்சம் தாங்கலாம் என்று யாரோ கூவிக்கொண்டே ஓடினார்கள். கைக்குக் கிடைத்தது என் தலைத் துண்டுதான். அவிழ்த்துக் குடத்தில் முக்கி மகள் முகத்தில் அழுத்திக்கொண்டு நெடுஞ்சாலை வரை ஓடினேன். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். விடியும் வரை நாங்கள் ரோட்டில் நின்றோம். லாரி வெளிச்சத்தில் தெரு மொத்தமும் என் தலையைப் பார்த்தது.

அடுத்த வாரம் விக் வாங்கப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். “எல்லாரும்தான் பார்த்துட்டாங்களே, இனிமே எதுக்கு?”

எல்லாரும் பார்த்ததுதான் காரணம். துண்டு கட்டியிருந்த வரையில் எங்கள் சந்துக்கு அப்பால் பலருக்கு விஷயம் தெரியாது. அந்த ராத்திரிக்குப் பிறகு கடைக்கு வந்த ஒவ்வொருத்தியும், “அன்னிக்கு உன்னைப் பார்த்தேன், மனசே ஆறலக்கா” என்றுதான் ஆரம்பித்தாள். சிலர் கண் கலங்கினார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரு வைத்தியர், பப்பாளி இலைச் சாறு, யாரோ சித்தி எத்தனை மாதம் இருந்தாள் என்ற கணக்கு. இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரவிக்கைத் துணி பையிலிருந்து வெளியே வரும். அன்பில்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் கடையில் பேச்சு துணியில் தொடங்க வேண்டும். நோயைப் பற்றி எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது என்பது என் கையில் இருக்க வேண்டும். மறைப்பதற்காக நான் விக் தேடவில்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

பணம்தான் உறுத்தியது. கீமோ முதல்வர் காப்பீட்டு அட்டையில் நடந்தது. விக் அந்தக் கணக்கில் வராது. எண்ணெய் பாதித்த மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவித்த நிவாரணம் 12,500 ரூபாய், படகுக்கு 10,000. தொழிலே நின்றுபோன வீட்டுக்கு அவ்வளவுதான் என்றிருக்கும்போது, அதற்கு மேல் கொடுத்து நான் தலைக்கு முடி வாங்குவதா? தங்கச்சியிடமே கேட்டேன். “சீட்டுப் பணம் உன்னுது. நீ கடையில உக்காந்தாத்தான்க்கா எனக்கும் கைமாத்து கிடைக்கும்” என்றாள். அதைவிட நேரான பதில் எனக்கு யாரும் தரவில்லை.

முதலில் பாரிமுனை. பேன்சி சாமான் விற்கும் சந்தில் சவுரி கிடைக்கும் என்று தெரியும். சவுரி, பரதநாட்டிய ஜடை, மேடை நாடகத்துக்கான விக் எல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தேன். நைலான் மினுமினுப்பு, உள்ளே சொரசொரப்பான பட்டி. வலிக்கிற மண்டைத் தோலில் அரை மணி நேரம் வைக்க முடியாது. கடைப் பையன் என் தலையையும் முகக்கவசத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டான். “யக்கா, பேஷண்ட் விக் இங்க கிடைக்காது. தி.நகர் போ” என்றான்.

தி.நகரில் ஒரு மாடிக் கடை. திரை போட்ட சின்ன அறை, கண்ணாடி, நாற்காலி. கடைக்காரர் வயசானவர், முடி ஏற்றுமதியில் இருந்தவர். முதலில் டேப்பை எடுத்தார். நானே அளந்து எழுதிக்கொண்டு வந்திருந்தேன்: சுற்றளவு இருபத்தொன்றரை அங்குலம், நெற்றியிலிருந்து பிடரிக்கு, காதிலிருந்து காதுக்கு. அடுத்து, “உங்க பழைய முடி கொஞ்சம் இருக்கா? நிறம் பார்க்கணும்” என்றார். மகள் கைப்பையிலிருந்து அந்தக் கவரை எடுத்தாள்.

மேலே தெரிகிற முடியை அவர் காட்டக் காட்ட, நான் ஒவ்வொன்றையும் உள்பக்கம் புரட்டினேன். ரவிக்கையின் தரம் உள்தையலில்தான் தெரியும், இதுவும் அப்படித்தான் இருந்தது. விலை குறைந்ததில் முடியை நீளப் பட்டியாக மெஷினில் அடித்து, அந்தப் பட்டிகளை எலாஸ்டிக் மேல் வரிசையாகத் தைத்திருந்தார்கள். காற்றோட்டம் உண்டு; ஆனால் முடி விலகினால் உச்சியில் வரி வரியாகத் தெரியும். விலை கூடியதில் உச்சிப் பகுதி மட்டும் மெல்லிய வலை. அதில் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் வாரினாலும் அடியில் தோல் போலத் தெரியும். பின்னங்கழுத்தில் இறுக்கவும் தளர்த்தவும் இரண்டு பட்டி. அந்த முடிச்சுகளை நான் வெகுநேரம் பார்த்தேன். ஒரு சதுர அங்குலம் போட ஒரு பெண் எவ்வளவு நேரம் குனிந்திருப்பாள் என்று என் முதுகுக்குத் தெரியும்.

சிந்தெடிக் 4,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். வேண்டாம் என்று உடனே முடிவு செய்தேன். நான் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி மேல் குனிகிறவள். ஆவி பட்டாலே சிந்தெடிக் முடி சுருண்டுபோய்விடும். அடுப்படியிலும் அதே பயம்.

மனித முடியிலும் இரண்டு சாதி உண்டு. வீடு வீடாகச் சேர்க்கும் சீப்பு முடியில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்திருக்கும், சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். மொட்டையடித்த முடி ஒரே பக்கமாக அடுக்கப்பட்டது. வெல்வெட் துணியில் கை ஓட்டிப் பார்ப்பது போல நுனியிலிருந்து மேல்நோக்கித் தடவினால் விரலுக்குத் தெரிந்துவிடும். “இது திருப்பதி முடிம்மா” என்றார் கடைக்காரர். மொட்டையடிக்கும் கல்யாணக்கட்டாவில் இறக்கும் முடியை நீள வாரியாகப் பிரித்து தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. நீளம் கூடக் கூட விலை கூடும். 2004இல் இந்த வியாபாரமே ஆட்டம் கண்ட கதையையும் சொன்னார். யூதர்களில் ஆசாரமான குடும்பங்களில் கல்யாணமான பெண்கள் தங்கள் முடியை விக்கால் மூடுவது வழக்கம். இந்தக் கோயில் முடி வேறு தெய்வத்துக்குக் காணிக்கை கொடுத்தது, அதை அணியக் கூடாது என்று அந்த மே மாதம் ஜெருசலேமில் எல்யாஷிவ் என்ற மதகுரு தீர்ப்புச் சொல்லிவிட்டார். நியூயார்க்கின் புரூக்ளினில் பெண்கள் விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்களாம்.

அவர்கள் எதற்காக ஒதுக்கினார்களோ அதற்காகவே எனக்கு அந்த முடி பிடித்துப்போனது. எவளோ ஒருத்தி பிள்ளைக்காகவோ புருஷனுக்காகவோ நேர்ந்துகொண்டு மலையேறி இறக்கியது. அம்மன் பேரில் பொய் சொல்லாமலே ஒரு வேண்டுதல் என் தலைக்கு வந்து சேருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்கு இடுப்பு வரை நீளம் வேண்டும், பழைய அம்மாவாக வேண்டும். நான் தோள் வரைக்கும்தான் எடுத்தேன். எங்கள் ஊர்க் கடல் காற்றில் நீள விக் பிடரியில் முடிச்சு விழுந்து கட்டியாகிவிடும். காதோரம் நாலு நரை கேட்டேன். நாற்பத்தாறு வயசுக்கு நரையில்லாத கருப்பு, காட்டிக்கொடுத்துவிடும். வகிடு நடுவில், குங்குமம் வைக்கிற மாதிரி. 19,000 கேட்டார். பழைய பின்னலை விலைக்குத் தருகிறீர்களா, கழித்துக்கொள்கிறேன் என்றார். மகள் கவரை மூடிவிட்டாள். கொஞ்சம் குறைத்து 17,500க்குக் கொடுத்தார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. வகிட்டின் அடியில் தெரிந்த வலை வெள்ளைக்காரத் தோல் நிறம். என் நிறம் அது இல்லை. வீட்டுக்கு வந்து டீத்தூளைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வலையின் உள்பக்கம் மட்டும் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் காய வைத்தேன். லைனிங் துணிக்குச் செய்கிற அதே வேலைதான். இரண்டாவது பூச்சில் நிறம் சேர்ந்தது.

பொங்கலுக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். பெரியகுப்பத்தில் அந்த உர ஆலையை மூடச் சொல்லிப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. பந்தலிலிருந்து நேராக வந்த ஒருத்தி துணியை மேசையில் போட்டு, “பின் கழுத்து போன தடவை மாதிரி இறக்கிடாதே, வெயில்ல உக்கார முடியல” என்று சண்டைக்கு நின்றாள். அரை மணி நேரம் கழுத்தைப் பற்றியே பேசினோம். அவள் போன பிறகு மிஷினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது அந்த டீ.

அடுத்த மருந்தில் புருவமும் போயிற்று, பென்சிலால் வரைந்துகொண்டேன். அந்த வருஷக் கடைசியில் என் முடி திரும்பி வந்தபோது சுருட்டையாக வந்தது. விக்கை வார்டில் பழக்கமான ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் தலை சின்னது, பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். அவள் சொல்லி இன்னொருத்தி தன் விக்கோடு வந்தாள், எர்ணாவூரிலிருந்து ஒருத்தி வந்தாள். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. வேறு தையல்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: நெற்றி ஓர வலையில் ஊசி வைக்காதீர்கள், கிழிந்துவிடும். பின்னங்கழுத்துப் பட்டியை மட்டும் பிரித்து, பதினொன்றாம் நம்பர் ஊசியில், கையாலேயே தையுங்கள். முடிச்சு வெளிப்பக்கம் வரட்டும். உள்ளே வந்தால் தோலை உறுத்தும்.