ரெண்டடிப் பாய்

எங்கள் பக்கத்தில் தெரிந்தவரைத் தெருவில் பார்த்தால் முதல் கேள்வி, 'சாப்டீகளா?' அடுத்த கேள்வி, 'என்ன, நல்லா உடம்பு வச்சிட்டீக?' இரண்டையும் அன்பாகத்தான் கேட்கிறார்கள். முதலாவதுக்கு 'ஆச்சு' என்று சொல்லிவிடலாம். இரண்டாவதுக்கு இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு பதில் அகப்படவில்லை. சிரித்து வைப்பேன். ஊர் வேறு ஸ்ரீவில்லிபுத்தூரா, கேட்டவரே பதிலையும் சொல்லிவிடுவார். 'பால்கோவா ஊர்ல இருந்துக்கிட்டு எப்படி இளைப்பீக?' 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்துக்கு என்னால் இப்படி ஒரு கெட்ட பெயர். வெளியூர்க்காரர்கள் கிலோ கணக்கில் கட்டிக்கொண்டு போவதில் பத்தில் ஒரு பங்குகூட நாங்கள் தின்பதில்லை என்பது என் கணக்கு.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'தேர்'. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ரத வீதிகளில் அசைந்து வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறென்ன தோன்றும்? நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சிலிருந்து, 'வடத்தைப் புடிங்கப்பா' என்று குரல் வரும். எனக்கு இப்போது 46 வயசு. இன்றைக்கும் நாலு பேர் கூடியிருக்கிற எந்த அறைக்குள் காலை வைத்தாலும் அந்தக் குரல் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் அடங்கும்.

போன வருஷம் ரத்தப் பரிசோதனை செய்தபோது, "சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. ஏதாவது உடற்பயிற்சி வகுப்புல சேர்ந்துருங்கம்மா" என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாவுக்கும் சர்க்கரை. அவளையும் நடக்கச் சொன்னார்கள். 1990-களில் எங்கள் மடவார் வளாகத்தில் ஒரு பொம்பளை காரியமில்லாமல் தெருவில் விறுவிறுவென்று நடந்தால், நாலு வாசலில் ஆள் எட்டிப் பார்த்து, 'யாருக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கும். அம்மா என்னைவிடப் பருமன். 'இந்த உடம்பத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நடந்தா சிரிப்பாகம்மா' என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியில் நடந்தாள். கிணற்றிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் பதினோரு எட்டு. போய்த் திரும்பினால் இருபத்திரண்டு. ஒரு வாரம் நடந்தாள். சுற்றிச் சுற்றி வந்ததில் தலை கிறுகிறுக்கிறது என்று நிறுத்திவிட்டாள். சில வருஷம் கழித்து வலது கால் பெருவிரலை எடுத்தார்கள். அப்புறம் பாதத்தை எடுத்தார்கள். 59 வயசில் போய்விட்டாள். சர்க்கரையால் என்று எல்லாரும் சொன்னார்கள். பாதிதான் அது. நாலு வாசலுக்குப் பயந்து அவள் நடக்காமல் விட்ட நடையை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

அதனால் சேர்ந்துவிட்டேன். ஊருக்குள் ஒரு மண்டபத்து மாடியில், காலை ஐந்தே முக்காலுக்கு யோகா வகுப்பு. பணம் கட்டுவது சுலபமாக இருந்தது. உடுப்புதான் கிடைக்கவில்லை. எங்கள் ஊர்க் கடைத் தம்பி என்னை ஒரு தடவை பார்த்தார், அலமாரியை ஒரு தடவை பார்த்தார். "உங்க சைஸு டிராக் பேன்ட்டு வர்றதில்லைக்கா. ராஜபாளையத்துல பாருங்க, இல்லாட்டி மதுரைதான்" என்றார். பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். ஊரெல்லாம் நூற்பாலை. அத்தனை நூல் நூற்கிற ஊரில் என்னைச் சுற்றிவர ஒரு துணி இல்லை! கடைசியில் ஒரு பழைய சுடிதாரே போதும் என்று முடிவு செய்தேன்.

பாய் ஒன்று வாங்கச் சொன்னார்கள். யோகா பாயின் அகலத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ரெண்டே அடி. உலகம் பூராவும் பெரும்பாலும் இதே அளவில்தான் விற்கிறார்கள். கடைக்காரர் அதை விரித்துக் காட்டியபோது, ஒரு மனுஷர் இவ்வளவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று யாரோ கோடு போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

அந்தப் பாயைச் சுருட்டிக் கட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டுதான் முதல் நாள் கிளம்பினேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்து, "எங்க, விடியக்குள்ளயே கிளம்பிட்டீக?" என்றார். கோயிலுக்கு என்றேன். வைத்தியநாதர் கோயில் எனக்குப் பின்னால் இருந்தது. நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். மதினி ஒன்றும் கேட்கவில்லை, பெரிய மனசு.

வகுப்பில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் ஒல்லி. அதில் நிறையப் பேர் எடை குறைக்க வந்தவர்களாம், குறைக்க என்ன வைத்திருந்தார்களோ தெரியவில்லை. நான் கடைசி வரிசையில் சுவரை ஒட்டிப் பாயைப் போட்டேன். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும், அதுதான் காரணம். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள், அது அதைவிடப் பெரிய காரணம். குனிந்து காலைத் தொடச் சொன்னார்கள். எனக்கு முழங்கால்தான் எட்டியது. மூச்சு வாங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்பதுபோல இருந்தது. தமிழ் சினிமாவில் குண்டாக இருப்பவர் உடற்பயிற்சி செய்தால் அது சிரிப்புக் காட்சிதான். பெஞ்சு உடையும், இல்லாவிட்டால் உடுப்பு கிழியும். நானும் கிழிகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அப்போது முன்வரிசையில் ஒரு பெண் சடாரென்று திரும்பி என்னைப் பார்த்தாள். சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள், "அத்தே, ஃபேன் சுவிட்ச் உங்க பக்கந்தான இருக்கு? கொஞ்சம் கூட்டி வைங்க" என்றாள்.

எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள், படி இறங்கும்போது ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எதுக்குங்க இவ்வளவு சிரமப்படணும்? மொதல்ல கொஞ்சம் இளைச்சுட்டு அப்புறமா வாங்களேன்" என்றார். நிஜமான அக்கறையோடு சொன்னார். காய்ச்சல் விட்டதும் ஆஸ்பத்திரிக்கு வா என்பது மாதிரி. எங்கள் மடவார் வளாகத்துச் சாமிக்குப் பெயரே வைத்தியநாதர். துணைக்கு ஆளில்லாத கர்ப்பிணிக்குத் தாயாக வந்து பேறுகாலம் பார்த்தார், திருமலை நாயக்கரின் நோயைத் தீர்த்தார் என்றெல்லாம் தலபுராணம் சொல்கிறது. அந்தச் சந்நிதிக்கு மன்னரும் நோயோடுதான் வந்திருக்கிறார், குணமான பிறகு வரவில்லை. அந்த வாசலில் வெட்கப்படாத நாம் மண்டபத்து மாடிப்படியில் மட்டும் ஏன் கூசுகிறோம்?

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் உயரத்துக்கு மீறிய எடை உள்ளவர்கள். பத்துக்கு நாலு. அந்தக் கணக்குப்படி எங்கள் வகுப்பில் எட்டு பேராவது இருக்க வேண்டும். இருந்தது நானும் இன்னொருத்தியும். அவளும் நாலாம் நாள் வரவில்லை. மற்றவர்கள் எல்லாம் எங்கே? அவரவர் கிணற்றடியில் பதினோரு எட்டு நடந்துகொண்டிருப்பார்கள்.

அவளைத் தேடிப் போய்ச் சொல்ல நினைத்த விஷயம் ஒன்று உண்டு. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரனும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு 2006-ல் வெளியானது. என்னைப் போல எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான ஆலோசனையோடு விட்டவர்களில் மூன்று வருஷ முடிவில் 55 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோயே வந்துவிட்டது. தினம் நடந்து, சாப்பாட்டையும் கவனித்தவர்களில் அது 39 சதவிகிதம்தான். இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அப்படித் தப்பித்தவர்களுக்கு எடை பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை. குண்டானவர் குண்டாகவே இருந்துகொண்டு, நடந்து, நோயைத் தள்ளிப் போட்டிருக்கிறார். உடம்பை அசைத்தால் உள்ளே நடக்கிற நல்லது எல்லாம் எடை மிஷினுக்குத் தெரிவதில்லை. இது அம்மா காலத்தில் தெரிந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தெரிந்திருந்தாலும் அவள் தெருவுக்கு வந்திருப்பாளா என்பது வேறு கேள்வி.

எங்கள் டீச்சர் ஐந்தாம் நாள் என் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். எனக்குச் சுருக்கென்றது. எல்லாரும் தரையில் இருக்க, எனக்கு மட்டும் நாற்காலியா? டீச்சர் சிரித்தார். "பி.கே.எஸ்.அய்யங்கார் தெரியுமாக்கா? நாற்காலி, கட்டை, பெல்ட்டு, கயிறு எல்லாம் அவர் கொண்டுவந்ததுதான்" என்றார். அன்றைக்குத்தான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1918-ல் பிறந்தவர். சின்ன வயசில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று எதுவும் பாக்கியில்லை. நோஞ்சானாகத்தான் மைசூரில் அக்கா வீட்டுக்காரர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். வளையாத உடம்பின் கஷ்டம் தெரிந்த மனுஷர். ஆசனத்துக்கு உடம்பு எட்டாவிட்டால், உடம்புக்கு ஆசனம் எட்டுகிற மாதிரி ஒரு கட்டையை வை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதே நாற்காலியையும் பெல்ட்டையும் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு உலகம் பூராவும் வகுப்பு நடக்கிறது.

தேரோடு வளர்ந்த எனக்கு இது புரியக் கஷ்டமில்லை. பெரிய தேரை நிலையிலிருந்து கிளப்ப வடம் மட்டும் போதாது. பின்சக்கரத்துக்கு அடியில் தடி போட்டு நெம்புவார்கள். தடி போட்டதற்காக யாரும் தேரைக் கேவலமாகப் பேசியதில்லை.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஏழு மாசம் ஆகிறது. எடை ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே குறைந்திருக்கிறது. 'நல்லா உடம்பு வச்சிட்டீக' இன்னும் நிற்கவில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓரடி நகர்ந்திருக்கிறது. சுவரைப் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்திருக்கிறேன். குனிந்தால் கணுக்கால் வரைக்கும் வருகிறது. பாய் என்னவோ அதே ரெண்டடிதான். கை ரெண்டும் வெளியே தரையில்தான் கிடக்கின்றன, கிடந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் கடைத் தம்பி ரோட்டில் பார்த்துக் கூப்பிட்டார். "அக்கா, உங்க சைஸு வந்திருக்கு. நீங்க கேட்டுட்டுப் போனீகளேன்னு மதுரையிலருந்து ஆறு எடுத்துட்டு வந்தேன். நாலு போயிருச்சு."

"நாலா? நம்ம ஊர்லயா? யாரு வாங்குனது?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. பேப்பர்ல சுத்திக் கட்டைப்பைக்குள்ள வச்சு மறைச்சுத்தான் கொண்டுட்டுப் போறாக."

மீதி ரெண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டேன். நீலக் கலர்.