பனிக்காலத்து இளஞ்செடிகள்

உதகமண்டலத்தில் மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற இரவே இளஞ்செடிகட்குப் பெரும்பகை. பகலிற் பெற்ற வெப்பத்தை நிலம் வானிற்கு இழந்துவிட, விடியலிற் புல்லின்மேல் உறைபனி வெண்மையாய்ப் படிகின்றது. மேகமுள்ள இரவில் அம்மேகமே போர்வையாகும். 1848-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தாவரவியற் பூங்காவில் தோட்டக்காரர், கோத்தகிரி மிலார்க் கொப்புகளை நாற்றுக்களின்மேற் கவிப்பர். மேகத்தின் தொழிலை அக்கொப்புகள் செய்கின்றன.

யானும் நட்டுவைத்த ஜெரேனியக் கொம்புகளை மாலைதோறும் வைக்கோலால் மூடிவருகிறேன். வேர்விடாத கொம்பு ஓரிரவிற் கருகின், மீண்டும் துளிர்க்க அதற்கு வழியில்லை. ஆயினும், வெயில் ஏறிப் பனி கரைந்தபின் வைக்கோலை நீக்குதல் வேண்டும். இன்றேல் ஒளியின்றி இலை வெளிறும். ஈரத்தால் தண்டு அழுகும்.

மூடும் வேளையைக் குளிரே அறிவிக்கும். திறக்கும் வேளையை நாமே அறிதல் வேண்டும். இளையோரைப் பேணுவார்க்கும் இஃது ஒக்கும்.