சால்டரிங் சரியில்லை என்று சொன்னேன்

வையம்பட்டியில் டிவி, மிக்ஸி, செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் வேலை இல்லாத நேரத்தில் கைவிரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன ரோபோக்கள் செய்வது என் பழக்கம். அவற்றில் கம்ப்யூட்டர் கிடையாது, புரோகிராம் கிடையாது. சூரிய வெளிச்சம் பட்டால் நகரும், நிழலில் நின்றுவிடும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் டில்டன் 1990களின் தொடக்கத்தில் பரப்பிய கலை இது. உயிரியல், எலெக்ட்ரானிக்ஸ், அழகியல், மெக்கானிக்ஸ் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்கு 'பீம்' என்று பெயர். பின்னாளில் உலகமெங்கும் கடைகளில் விற்ற 'ரோபோசேப்பியன்' பொம்மையை வடிவமைத்ததும் அவர்தான்; அது 2004இல் வெளிவந்தது. அவருக்கும் முன்னால், 1940களின் கடைசியில், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். சில வால்வுகளே மூளையாக, அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின. சொற்ப பாகங்களை வைத்து உயிருள்ளது போல் ஒன்றை நடமாடவிட முடியும் என்ற அந்த எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றும் விடவில்லை.

என் ரோபோக்களில் ஒன்றான சோலார் வண்டி ஓடும் விதத்தைச் சொன்னால்தான், பின்னால் நான் செய்த தப்பு புரியும். உள்ளங்கையில் அடங்கும் சோலார் செல்லால் ஒரு மோட்டாரை நேராகச் சுற்ற முடியாது. அவ்வளவு கரன்ட் அதில் வராது. அதனால் செல் முதலில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை நிரப்புகிறது. சொட்டுச் சொட்டாக நிறைந்த குடத்தை ஒரேயடியாகக் கவிழ்ப்பது போல, மின்னழுத்தம் இரண்டரை, மூன்று வோல்ட்டைத் தொட்டதும் மொத்தமும் மோட்டாருக்குள் இறங்குகிறது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளும், நிற்கும். மறுபடி நிறையும். எப்போது கவிழ்ப்பது என்று முடிவுசெய்வது தானாக மினுக்கும் எல்இடி ஒன்றும் இரண்டு டிரான்சிஸ்டர்களும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிசி547, பிசி557 போதும். 2.2 கே ரெசிஸ்டர் ஒன்று, கெப்பாசிட்டர் ஏறக்குறையக் காலியாகும்வரை டிரான்சிஸ்டர்கள் அணையாமல் பார்த்துக்கொள்ளும். பழைய சிடி டிரைவிலிருந்து மோட்டார், கெட்டுப்போன தோட்ட விளக்குகளிலிருந்து சோலார் செல். அவ்வளவுதான் சரக்கு.

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மணப்பாறை, வையம்பட்டி வட்டாரமே வானம் பார்த்த பூமி. கடை வாசலில் வைத்தால் என் வண்டி நொடிக்கொரு தரம் துள்ளும்.

பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மேசையை மண்டபத்துக்கு உள்ளே போட்டிருந்தார்கள். புரொஜெக்டருக்காக ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, டியூப் லைட் மட்டும் எரிந்தது. உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். டியூப் லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வாசலில் ஒரு நொடியில் நிரம்பும் கெப்பாசிட்டருக்கு அங்கே பல நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் எல்இடியும் கெப்பாசிட்டரின் கசிவும் வருகிற கொஞ்சத்தையும் குடித்துவிடும். நிரம்பவே நிரம்பாமல் போகலாம். இது எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். வெளிச்சம் போதாது, அதனால் நிற்கிறது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதுவே நல்ல பாடம்.

நான் செய்தது வேறு. விருந்தினர் வரும் நேரத்தில் என் வண்டி அசையாமல் கிடப்பதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை. முந்தின நாளே அந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்ததால், இரவு கடையில் உட்கார்ந்து, சோலார் செல்லுக்கு அடியில் 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்றைச் சில நூறு ஓம் ரெசிஸ்டரோடு சேர்த்துச் சால்டர் வைத்தேன். மேலே கறுப்பு டேப் ஒட்டினேன். மறுநாள் வண்டி சில விநாடிக்கு ஒருமுறை அழகாகத் துள்ளியது. "முழுக்க முழுக்க சூரிய சக்தி, பேட்டரியே கிடையாது" என்று மைக்கில் சொன்னேன். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அன்று ஒரு பெண் பிள்ளை மேசையை விட்டு நகரவே இல்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தாள். சர்க்யூட்டை நோட்டில் வரைந்துகொண்டாள், பார்ட்ஸ் பெயரெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். சில வாரம் கழித்துக் கடைக்கு வந்தாள். "அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், ஓடலைண்ணா" என்றாள். எங்கே வைத்துப் பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் டியூப் லைட்டுக்குக் கீழே என்றுதான் சொல்லியிருப்பாள். அங்கேதானே என் வண்டி ஓடியதைப் பார்த்திருந்தாள்! அந்தப் பேச்சு பேட்டரியில் போய் முடியும் என்று பயந்தேன். அவள் கையிலிருந்த போர்டைக்கூட வாங்கிப் பார்க்காமல், "சால்டரிங் சரியில்லாம இருக்கும்மா, பிரிச்சு மறுபடி வச்சுப் பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பேட்டரி ஒட்டியதைவிட இந்த ஒரு வாக்கியம்தான் என்னை அரிக்கிறது. பேட்டரி வைத்தது என் பெருமைக்காக. இது என் பொய்யைக் காப்பாற்ற ஒரு குழந்தையின் கைமேல் பழி போட்டது.

சில வருடங்கள் ஓடின. அவளுடைய அப்பா மிக்ஸி ஒன்றைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். பேச்சுவாக்கில் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். திருச்சியில் பி.காம் என்றார். "எலெக்ட்ரானிக்ஸ்னு கொஞ்ச நாள் உக்காந்திருந்தா. ராத்திரியெல்லாம் பிரிச்சுப் பிரிச்சு ஒட்டுவா தம்பி. அப்புறம் இதெல்லாம் நமக்குக் கை வராதுப்பான்னு அவளே எடுத்துப் பரண்ல போட்டுட்டா."

பி.காம் நல்ல படிப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கை வராது என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாளே, அது நான் கொடுத்தது. மிக்ஸி வாங்க வரும்போது அந்தப் போர்டையும் கொண்டுவரச் சொன்னேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வயரிங்கில் ஒரு பிழைகூட இல்லை. எல்இடியின் கால் திசையைப் பெரியவர்களே மாற்றிப் போடுவார்கள், அவள் சரியாகப் போட்டிருந்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் திரும்பத் திரும்ப உருகிக் கறுத்துக் கிடந்தது. இரண்டு இடத்தில் செம்புத் தடம் பெயர்ந்திருந்தது, அங்கே துண்டு வயர் வைத்து இணைத்திருந்தாள். பிசி557 மட்டும் சூடு தாங்காமல் செத்திருந்தது. என் பேச்சைக் கேட்டு மறுபடி மறுபடி சால்டர் வைத்ததில் போனது. பிறகு அவள் வெயிலிலேயே கொண்டுபோய் வைத்திருந்தாலும் அது ஓடியிருக்காது. புது டிரான்சிஸ்டர் ஒன்று மாற்றிக் கடை வாசலில் வைத்தேன். துள்ளியது.

அவள் அப்பாவிடம் அங்கேயே நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மகளுக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார். பேட்டரியைப் பற்றிச் சொன்னேன். நான் போர்டைப் பார்க்காமலே பேசியதையும் சொன்னேன்.

"அப்ப நான் போட்ட வயரிங் சரியாண்ணா?"

"சரிம்மா. முழுக்கச் சரி."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணா" என்றாள். வகுப்புக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

ஆனால் அந்த மண்டபத்தில் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. வேறு பிள்ளைகளும் நோட்டில் வரைந்துகொண்டார்கள். அவர்கள் முகம்கூட எனக்கு நினைவில்லை. வீட்டில் செய்து பார்த்து, ஓடாமல், தன் கையைத் தானே நொந்துகொண்டவர் அவர்களில் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த வண்டி ஓடியது பேட்டரியில். நீங்கள் செய்ததை வெயிலில் வைத்துப் பாருங்கள். அப்போதும் ஓடவில்லை என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள், இந்த முறை போர்டை வாங்கிப் பார்க்கிறேன்.