வடிகட்டி மாறிய வண்டி

பழைய புல்லட் வைத்திருப்போரில் பலர், காற்றுவடிகட்டியை மாற்றுவதைச் செருப்பு மாற்றுவதுபோல எளிதாக எடுத்துக்கொள்கின்றனர். உதிரிபாகக் கடையில் கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றை வாங்கி, பழைய பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்பரேட்டரின் வாயில் நேரே மாட்டிவிடுகின்றனர். வண்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடுவதுபோலத் தோன்றும். உறிஞ்சும் ஓசை கூடுவதால் ஆற்றலும் கூடிவிட்டதாக நெஞ்சு நம்பிவிடும். இந்த நம்பிக்கையால் வெந்துபோன பிஸ்டன்களைக் கோவைப் பட்டறைகளின் மூலைகளில் இன்றும் காணலாம். எங்கள் வண்டியின் பிஸ்டனும் அவற்றோடு சேர்ந்துவிடக் கூடாதென்று நாங்கள் பட்ட பாட்டினை இங்கே எழுதுகின்றோம்.

நாங்கள் இருவர், ஒரே கல்லூரி. ஒருவர் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் இயற்பியல். வண்டி 1986இல் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த 350 சிசி புல்லட். இயற்பியல்காரரின் தந்தையார் அவிநாசிப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் பணியாற்றிய காலத்தில் வாங்கியது. அவர் காலமானபின் நெடுநாள் தார்ப்பாய்க்குள் கிடந்தது. உருளை ஏற்கெனவே இருமுறை போர் போடப்பட்டது. இன்னொருமுறை பிஸ்டன் பிடித்துக்கொண்டால் போர் போட இரும்பு மிச்சமில்லை. ஸ்லீவ்தான் அடிக்க வேண்டும். அதன்பின் அது தந்தையார் ஓட்டிய உருளையாக இராது என்பது மகனுடைய கவலை.

நாங்களாக விரும்பி வடிகட்டியை மாற்றவில்லை. பழைய பெட்டி துருவேறி ஓட்டை விழுந்திருந்தது; அதனைக் கார்பரேட்டரோடு இணைக்கும் இரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. உள்ளே இருந்த தாள் வடிகட்டியோ, தொட்டால் உதிர்ந்தது. அதன் மடிப்புகளில் பஞ்சாலைக் காலத்து நொய்ப்பஞ்சு பழுப்பேறிக் கிடந்தது. பொருத்தமான பெட்டி கிடைக்காமையால் கூம்பு வடிகட்டியே போடவேண்டியதாயிற்று. இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகின்றோம்: பழைய பெட்டி நல்ல நிலையில் இருப்பவர்கள் அதனைக் கழற்ற வேண்டா. அழகுக்காகவும் ஓசைக்காகவும் அதைக் கழற்றுவது எங்களுக்கு ஒப்புதலில்லை.

காரணம் இதுதான். புல்லட்டின் உருளை 346 கன சென்டிமீட்டர் கொள்ளும். நிமிடத்திற்கு 3000 சுற்றில் ஓடும்போது அது 1500 முறை மூச்சிழுக்கின்றது. ஒவ்வொரு முறையும் உருளை முழுதும் நிறைவதாகக் கொண்டால், நிமிடத்திற்கு 500 லிட்டருக்கு மேல் காற்று. எடையில் ஏறத்தாழ 600 கிராம். பெட்ரோல் மிச்சமின்றி எரிய, எடைக்கணக்கில் அதன் ஒரு பங்கிற்குக் காற்று 14.7 பங்கு வேண்டும். ஆக, அந்த 600 கிராம் காற்றோடு சேரவேண்டிய பெட்ரோல் வெறும் 40 கிராம். இந்தக் கணக்கைப் போடுவதற்குக் கார்பரேட்டருக்கு மூளை கிடையாது; நுண்துளையிட்ட பித்தளை ஜெட்டுகளும் ஓர் ஊசியும்தான் உண்டு. துளையின் அளவைத் தீர்மானித்தவர்கள், பழைய பெட்டியும் வடிகட்டியும் காற்றை எவ்வளவு தடுக்கும் என்பதையும் கணக்கிற் சேர்த்தே தீர்மானித்தார்கள். தடை இருந்தால் கார்பரேட்டரின் தொண்டைக்குள் அழுத்தம் இன்னும் சற்றுக் குறையும். பெட்ரோல் இன்னும் சற்று எழும்பி வரும். தடையை நீக்கினால் காற்று மிகும். பெட்ரோலோ அதற்கேற்ப மிகாது. கலவை மெலிந்துவிடும். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம் உள்ளேயே தங்கும். பிஸ்டன் விரிந்து உருளையைக் கவ்விக்கொள்ளும். இதில் கொடுமை என்னவென்றால், சற்றே மெலிந்த கலவையில் வண்டி நன்றாகவே ஓடும், மைலேஜும் கூடும். வெந்துகொண்டிருக்கின்றது என்று அது முதலில் சொல்வதேயில்லை.

இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2025ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனாலின் உள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் ஒரு பங்கு எத்தனால் எரிய 9 பங்கு காற்று போதும். கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட்டின் வழியாக இந்தக் கலப்பு போகும்போது, வடிகட்டியைத் தொடாமலேயே கலவை கொஞ்சம் மெலிந்துவிடுகின்றது. புதிய வண்டிகளில் உணரிகள் அதனைச் சரிசெய்துகொள்ளும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளிலிருந்து கார்பரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது. எஞ்சியிருக்கும் பழைய வண்டிகளுக்கு நம் கையும் காதும்தான் உணரிகள்.

எங்கள் மெக்கானிக் எழுபதை நெருங்கியவர். சிங்காநல்லூர்ப் பக்கத்தில் சிறிய பட்டறை. கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன் அவர் செய்தவை வேறு. பாயின்ட் இடைவெளி, டைமிங், புஷ்ராடுகள் விரலால் திருப்பினால் தடையின்றிச் சுழல்கின்றனவா என்ற சோதனை, மிதவையின் மட்டம், கார்பரேட்டர் உருளைத்தலையோடு சேருமிடத்தில் காற்றுக் கசிவு. தீப்பொறியில் இருக்கும் குற்றத்தைப் பெட்ரோலால் திருத்த முயல்வதுதான் இந்தத் தொழிலில் நேரம் வீணாகும் முதன்மையான வழி என்பது அவர் பட்டறிவு. பிறகு ஒண்டிப்புதூர்வரை ஓட்டிச்சென்று எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டு வரச் சொன்னார். குளிர்ந்த எஞ்சினில் திருகைத் திருப்புவதை அவர் ஏற்பதில்லை.

சோதனையைச் சாக்கிலிருந்து தொடங்கினார். ஓடும் எஞ்சினில் சாக்கைச் சிறிதே இழுத்தார்; துடிப்பு சீரானது. கலவை மெலிந்திருப்பதற்கு அதுவே சான்று. சீராக இருந்த எஞ்சின் சாக்கை இழுத்ததும் அடைத்துக்கொண்டால் கலவை ஏற்கெனவே செறிந்திருக்கின்றது என்று பொருள்.

அடுத்து காற்றுத் திருகு. எங்கள் வண்டியில் இருப்பது மிக்கார்ப். திருகு வடிகட்டிப் பக்கம் இருப்பதால் அது காற்றைக் கட்டுப்படுத்துகின்றது. வெளியே திருப்பினால் கலவை மெலியும், உள்ளே திருப்பினால் செறியும். சில கார்பரேட்டர்களில் திருகு எஞ்சின் பக்கம் இருக்கும்; அங்கே இது தலைகீழ். இந்த வேறுபாடு அறியாமல் அறிவுரை சொல்பவர்கள் தேநீர்க்கடைதோறும் உளர். முழுக்க மூடி, பிறகு ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து கால் காலாகத் திருப்பி, எஞ்சினின் வேகம் எங்கே உச்சம் தொடுகின்றது என்று கேட்க வேண்டும்.

அப்போதுதான் அவர் தயங்கினார். "இடது காது எனக்கு முன்ன மாதிரி கேக்கறதில்லீங்க சார். நான் திருப்பறேன், எங்க ஏறுது எங்க எறங்குதுன்னு நீங்க ரெண்டு பேரும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

மெதுவோட்டத்தில் நிமிடத்திற்கு 900 சுற்று என்றால், நொடிக்கு ஏழெட்டு வெடிப்பு. தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் உறப் பலவேறு எழுத்தொலிகளாகப் பிறப்பதைச் சொல்கின்றது. ஆண்டுதோறும் மாணவர்க்கு அதனை நடத்தும் செவிக்கு இது கடினமாயிராது என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டோம். மூன்று சுற்றுத் திறந்திருந்தபோது துடிப்பு இடையிடையே தடுமாறியது. உள்ளே வர வரச் சீராகிக்கொண்டே போனது. அரைச் சுற்றே திறந்திருக்கும் நிலையில்தான் உச்சம் வந்தது. இயற்பியல்காரரும் அதே இடத்தில் கை உயர்த்தினார். பெரியவர் தலையசைத்தார். உச்சம் ஒரு சுற்றுக்கும் உள்ளே அமைந்தால் ஸ்லோ ஜெட் சிறியது. இரண்டரை, மூன்று சுற்றுக்கு வெளியே போனால் பெரியது. ஒரு படி பெரிய ஜெட்டை மாட்டியபின் உச்சம் ஒன்றேமுக்காலில் வந்து நின்றது. மெதுவோட்டத்தை இன்னும் தாழ்த்தி அந்தத் "தட தட"வைக் கேட்கலாமே என்று ஆசை. பெரியவர் மறுத்துவிட்டார், அவ்வளவு தாழ்ந்தால் எண்ணெய் போதுமான அளவு சுற்றி வராதாம்.

இவ்வூரில் எந்திரத்தைப் பிரிப்பது ஒரு மரபு. 1893இல் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதனை 300 ரூபாய்க்கு வாங்கிப் பிரித்துப் பார்த்த கதையைக் கேளாமல் கோவையில் யாரும் வளர்வதில்லை. பிரித்ததை எல்லோரும் சொல்கின்றார்கள். பூட்டியதைப் பற்றி ஒரு வரிக்குமேல் யாரும் சொல்வதில்லை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் பேருந்து விட்டதற்கு அந்த ஒரு வரியன்றோ அடிப்படை?

ஊசியும் மெயின் ஜெட்டும் மறுநாள். ஆக்சிலேட்டரைக் கால்வாசி முதல் முக்கால்வாசிவரை முறுக்கும்போது பெட்ரோலை அளப்பது ஊசி. அதன் கவ்வியை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் ஊசி மேலே எழும், கலவை செறியும். முக்காலுக்குமேல் மெயின் ஜெட்டின் ஆட்சி. ஜெட் கிடைக்காதபோது நுண்ணிய கம்பியை விட்டுத் துளையைப் பெரிதாக்கித் தருவோர் உண்டு. துளையின் வழவழப்புப் போனால் அளவும் போயிற்று. எண் பார்த்துப் புதியதே வாங்கினோம்.

பெரியவர் அன்று பேச்சுவாக்கில் ராஜ்தூத் 350 பற்றிச் சொன்னார். 1983இல் வந்த அந்த இரட்டை உருளை வண்டியில் கார்பரேட்டர்களும் இரண்டு. வடிகட்டிக் குழாயைக் கழற்றி, இரண்டு வாய்க்குள்ளும் விரல் வைத்து, ஆக்சிலேட்டரை முறுக்க ஆரம்பித்ததும் இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழுகின்றனவா என்று தொட்டுப் பார்ப்பாராம். ஒன்று முந்தினால் அந்த உருளையே சுமையிழுக்கும் மாடாகிவிடும் என்றார்.

தொண்டாமுத்தூர்ச் சாலையில் விடியலில் சோதனை. டாப் கியரில் முழு முறுக்கில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் மெலிவு, கரி படிந்தால் செறிவு. முதலில் பீங்கான் எலும்புபோல் வெளுத்திருந்தது. மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றியும் வெளுப்பு முழுதும் நீங்கவில்லை. இரண்டாம் படியில் காப்பிக்கொட்டை நிறம் வந்தது. முறுக்கை விட்டதும் சைலன்சரில் கேட்டுக்கொண்டிருந்த பட்டாசும் அடங்கியது.

உதகைக்கு ஓட்டிப் போகலாமா என்று கேட்டோம். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டரை ஒட்டியது, உதகை 2,200 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. "மேல போனா கொஞ்சம் பொகையும், இழுக்காது. அதுக்காக அங்க யாராச்சும் திருகத் தொட்டா விட்டுராதீங்க. அங்க சரி பண்ணிட்டு எறங்கி வந்தீங்கன்னா மேட்டுப்பாளையத்துல பிஸ்டன் புடிச்சுக்கும்" என்றார்.

இயற்பியல்காரர் வீட்டில் தந்தையாரின் குறிப்பேடு ஒன்று இருக்கின்றது. பெட்ரோல் போட்ட நாள், ஓடிய தொலைவு, எண்ணெய் மாற்றியது என்று மையில் எழுதியவை. கடைசிப் பக்கத்தில் "காற்று ஸ்க்ரூ ஒன்றேகால்" என்று இருந்தது. அதன்கீழ் நாங்கள் எழுதினோம்: கூம்பு வடிகட்டி, ஸ்லோ ஜெட் ஒரு படி, மெயின் ஜெட் இரண்டு படி, ஊசி ஒரு பள்ளம், காற்றுத் திருகு ஒன்றேமுக்கால், எத்தனால் பெட்ரோல்.